குனிய முடிந்தது, எழ முடியவில்லை

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகையில் வழக்கம்போல் இரண்டாவது ஸஃப்பில் நின்றிருந்தேன். முதல் ரக்அத்தின் ஸுஜூதை முடித்து நிலைக்கு எழும்போது, இரு கைகளையும் தரையில் ஊன்றியே எழுந்தேன். ஊன்றாமல் எழ முயன்றபோது வலக்குதிகால் தரையைத் தொட மறுத்தது. உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என் பக்கத்தில் நின்றவர் என்னைவிட ஏறத்தாழ 20 வயது மூத்தவர். மாந்தோப்பில் நாள்தோறும் வேலை செய்பவர். அவர் எதையும் ஊன்றாமல், யாரோ மேலிருந்து தூக்கியது போல் எழுந்து நின்றார். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது என் கண்கள் தாமாகவே பின்வரிசைக்குச் சென்றன. அங்கே சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. எனக்கு வயது 46.

நாற்காலியில் அமர்ந்து தொழுவோரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. இயலாதவருக்கு மார்க்கம் தந்த சலுகை சலுகையேதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் கவலை வேறு. நான் இயலாதவன் அல்லன். வாரத்தில் ஐந்து நாட்கள் சுப்ஹுத் தொழுகைக்குப் பின் இராஜபாளையத்தில் முடங்கியார் சாலை வழியாக மலையைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் நடப்பவன். பிறகு பேருந்து ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் மத்ரஸாவுக்குச் சென்று, அஸருக்குப் பின் மாணவர்களோடு கைப்பந்தும் விளையாடுபவன். அவ்வாறு ஓடியாடித் திரியும் ஒருவனுக்குத் தரையிலிருந்து எழ முடியவில்லை என்றால், அது முதுமை அன்று. எங்கோ ஒரு தவறு.

தவறை நானே திருத்திவிடலாம் என்று எண்ணினேன். உடல் விறைத்துவிட்டது, இழுத்து நீட்டினால் சரியாகிவிடும் என்பது என் கணக்கு. உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் பயிற்றுநராக இருந்த இளைஞர் ஒருவரும் அதையே சொன்னார். இரண்டு மாதம், நடைக்குப் போகுமுன் மதகுச் சுவரின் மேல் காலைத் தூக்கிவைத்துக் குனிந்தேன். சுவரைத் தள்ளியபடி கெண்டைக்காலை நீட்டினேன். பலன் இல்லாமல் போகவில்லை. முன்பு முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்ற விரல்கள் தரையைத் தொட்டன. பின்னர் உள்ளங்கையே தொட்டது. மாணவர்களிடம் செய்து காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் ஸுஜூதிலிருந்து எழும்போது கைகள் தரையைத் தேடுவது மட்டும் நிற்கவில்லை. ஒரு நாள் மாலை, இரண்டிரண்டு நிமிடம் கெண்டைக்காலை நன்றாக இழுத்துவிட்டுக் கைப்பந்துத் திடலில் இறங்கி, பந்துக்காகத் துள்ளியபோது அதே கெண்டைக்கால் சதை பிடுங்கிக்கொண்டது. மாணவர்கள்தாம் என்னைத் தாங்கி அழைத்து வந்தார்கள்.

அதன் பிறகு பார்த்த இயன்முறை மருத்துவர், காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பு ஒரு வேடிக்கை செய்யச் சொன்னார். சுவரைப் பார்த்து நின்று, கால் பெருவிரலைச் சுவரிலிருந்து நான்கு விரற்கிடை தள்ளி வைத்து, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். இடக்கால் தொட்டது. அடிபட்டிருந்த வலக்காலைச் சதை ஆறிய மூன்றாவது வாரத்தில் சோதித்தார். விரலைச் சுவரோடு ஒட்டி வைத்தபோதுதான் முழங்கால் சுவரைத் தொட்டது. “இந்தக் கால் எப்போதாவது சுளுக்கியதா பாய்?” என்றார். நினைவுக்கு வந்தது. கல்லூரியில் படிக்கும்போது படிக்கட்டில் தவறி, ஒரு மாதம் நொண்டி நடந்தேன். வலி போனதும் அதை மறந்தேன். கணுக்கால் மறக்கவில்லை, முன்னோக்கி மடிவதை அன்றே குறைத்துக்கொண்டுவிட்டது. அந்த மூட்டு மடியாதபோது குதிகால் எழும்பும். குதிகால் எழும்பினால் உடலின் எடை முன்னே சரியும். கை ஊன்றாமல் எழ இயலாது. நான் இரண்டு மாதம் தொடையின் பின்சதையை நீட்டிக்கொண்டிருந்தேன். பூட்டு ஓரிடத்தில், சாவியை நுழைத்தது வேறிடத்தில்.

இப்போது கைப்பேசிக் காணொளிகளில் இளைஞர்கள் ‘ஸ்ட்ரெட்ச்சிங்கா, மொபிலிட்டியா’ என்று வாதிடுவதைப் பிள்ளைகள் எனக்குக் காட்டுகிறார்கள். பெயர்களைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. முன்னதை நீட்சி என்போம். ஒரு தசையை அதன் எல்லைவரை இழுத்துச் சற்று நேரம் அப்படியே நிறுத்தி வைப்பது அது. பின்னதை மூட்டியக்கம் என்போம். ஒரு மூட்டு எவ்வளவு தூரம் அசைய வேண்டுமோ அவ்வளவு தூரத்தையும் நம் சொந்த வலிமையால், நம் கட்டுப்பாட்டில் அசைப்பது அது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இன்றிரவே வீட்டில் கண்டுகொள்ளலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை உங்கள் பலத்தால் மட்டும் உயர்த்துங்கள். அது நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி மெல்ல இழுங்கள். கால் இன்னும் மேலே வரும். அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி, பட்டா நம் பெயரில் இருந்தும் நாம் உழாமல் போட்டிருக்கும் நிலம். நீட்சி பட்டாவின் பரப்பைக் கூட்டித் தரும். உழும் வேலையை அது செய்யாது.

நீட்சியைப் பற்றி நாம் பள்ளிக்கூடத்திலிருந்து நம்பி வந்தவற்றுள் சில, ஆய்வுக்கு முன்னே நிற்கவில்லை. ஓடுமுன் தசையை நீட்டினால் காயம் படாது என்பது அவற்றுள் ஒன்று. ஆஸ்திரேலிய இராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1538 வீரர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் பயிற்சிக்கு முன் கால் தசைகளை நீட்டும் பழக்கத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நீட்டியவர்களில் காலில் காயமுற்றோர் 158, நீட்டாதவர்களில் 175. இவ்வளவு பெரிய கூட்டத்தில் இந்த வேறுபாட்டை ஒரு வேறுபாடாகக் கொள்ள முடியாது என்றே ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். உடற்பயிற்சிக்கு மறுநாள் வரும் உடல்வலியை நீட்சி தடுக்கும் என்பதும் அப்படித்தான். பல ஆய்வுகளைத் திரட்டி 2011இல் பார்த்தபோது, குறைந்த வலி பொருட்படுத்தத் தக்கதாக இல்லை.

விளையாடுவதற்குச் சற்று முன் நெடுநேரம் நீட்டுவது தசையின் வலிமையைத் தற்காலிகமாகக் குறைக்கவும் செய்கிறது. 2016இல் கனடா நாட்டு ஆய்வாளர் டேவிட் பெம் முதலியோர் தொகுத்துப் பார்த்ததில், ஒரு தசையை 60 நொடிக்குக் குறைவாக நீட்டினால் இழப்பு ஏறத்தாழ 1 விழுக்காடு. 60 நொடிக்கு மேற்பட்டால் ஏறத்தாழ 4½ விழுக்காடு. கைப்பந்தாடும் மத்ரஸா ஆசிரியருக்கு இது பெரிதன்று. என் கெண்டைக்கால் பிடுங்கியதற்கு அந்த இரண்டு நிமிட நீட்சிதான் காரணம் என்று சத்தியம் செய்யவும் மாட்டேன். குளிர்ந்த உடம்போடு துள்ளியதே காரணமாக இருக்கலாம். ஆனால் காவல் என்று நம்பிய ஒன்று காவல் இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

இன்னொன்று வியப்பானது. சில வாரம் நீட்டிப் பழகியவருக்குக் கை தரையைத் தொடுகிறதே, தசை நீண்டுவிட்டதா என்றால், பெரும்பாலும் இல்லை. அந்த இழுவிசையைப் பொறுத்துக்கொள்ள நரம்பு மண்டலம் பழகிக்கொள்கிறது. முன்பு ‘போதும், நிறுத்து’ என்று கூவிய இடத்தில் இப்போது அது கூவுவதில்லை. என் இரண்டு மாத வெற்றியின் உள்ளடக்கம் இவ்வளவுதான்.

நீட்சியே வீண் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மூட்டியக்கம் என்ற பெயரைப் புதிய மந்திரமாக்கி விற்பவர்களும் பெருகிவிட்டார்கள். அவர்கள் சொல்லும் அனைத்தையும் நம்புவதற்கில்லை. சில தசைகள் உண்மையாகவே குறுகிப் போகின்றன. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக்கு முன் நாள் முழுவதும் நிற்பவர்களின் கெண்டைக்காலை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு இரவில் படுக்குமுன் மெதுவான நீட்சி இதமளிக்கும். எவ்வளவு நேரம் என்பதற்கும் கணக்கு உண்டு. தொடையின் பின்சதையை நீட்டுவதில் 30 நொடி தந்த பலனைவிட 60 நொடி அதிகம் தரவில்லை என்று 1994ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வொன்று கண்டது. ஆகவே, அரை நிமிடம் போதும். மறுபுறம், நீட்சியே கூடாத உடல்களும் உள்ளன. என் மாணவர்களில் ஒருவன் கட்டைவிரலை வளைத்து முன்கையோடு ஒட்டிக் காட்டுவான்; முழங்கை பின்புறமாக வளையும். அவனுக்கு இயல்பிலேயே மூட்டுகள் தளர்ந்தவை. அத்தகையோருக்கு வேண்டியது வலிமைதான். இன்னும் இழுப்பது தீங்கு.

நம் இரு ஊர்களிலும் உழைக்காத குடும்பம் குறைவு. ஆனால் உழைப்பு வேறு, மூட்டு முழுவதும் அசைவது வேறு என்பதை இங்கேயே காணலாம். பஞ்சாலையில் நூற்பு இயந்திரங்களுக்கு நடுவே ஒரு ஷிப்டில் பல கிலோ மீட்டர் நடக்கும் தொழிலாளியின் கால்கள் ஓயாமல் உழைக்கின்றன. ஆனால் அத்தனை அடியிலும் முழங்காலும் இடுப்பும் மடிவது ஒரே சிறிய அளவுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுபவரின் தோள் மணிக்கணக்கில் சுழல்கிறது. கை தலைக்கு மேலே உயர வேண்டிய வேலை அதில் இல்லை. காலை நடையும் அப்படியே. ஒரு மணி நேரம் நடந்த நான், அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு முறைகூட முழங்காலை முழுவதும் மடக்கவில்லை.

மூட்டுக்கு இது ஏன் முக்கியம் என்பதற்கு உடலமைப்பிலேயே விடை இருக்கிறது. எலும்புகளின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையா. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான நீர், அழுத்தத்தால் பிழியப்பட்டும் மீண்டும் உறிஞ்சப்பட்டும் அதற்கு உணவைக் கொண்டு சேர்க்கிறது. அசையாத பகுதிக்கு இந்த ஊட்டம் குறைகிறது.

நம் வீடுகளில் முன்பு இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. பெண்கள் அரிவாள்மனைமுன் குந்தினார்கள். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் தரையில் அமர்ந்தார்கள். பாய் விரித்துச் சஹனைச் சுற்றி உட்கார்ந்து உண்டோம். இன்று மிக்ஸியும் கிரைண்டரும் மேடைமேல் ஏறிவிட்டன, சாப்பாட்டு மேசை வந்தது, கழிப்பறையும் நாற்காலியாயிற்று. அம்மியை மீண்டும் சுமக்கச் சொல்லும் பழமைவாதி அல்லன் நான். என் மனைவி அதை ஒப்பவும் மாட்டாள். அந்த வசதிகள் சகோதரிகளின் முதுகை எவ்வளவோ காப்பாற்றியிருக்கின்றன. போன வேலைகளோடு சேர்ந்து போன அசைவுகளுக்கு ஈடு செய்யவில்லை என்பதே குறை. நம்மில் பலருக்கு இன்று தரைவரை சென்று திரும்பும் வாய்ப்பு தொழுகையில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. தொழுகையே சிறந்த உடற்பயிற்சி என்று சிலர் மேடையில் பேசுவது எனக்கு உவப்பானதன்று. வணக்கம் வணக்கமாகவே இருக்கட்டும். அந்த வணக்கத்தை நிறைவாகச் செய்வதற்கு வேண்டிய உடலை மற்ற நேரத்தில் பேணுவது நம் பொறுப்பு.

பழைய தேகப்பயிற்சிச் சாலைகளை அறிந்தவர்களுக்கு மூட்டியக்கம் புதிதே அன்று. சிலம்ப ஆசான் மாணவனை முதலில் சுவரைத் தள்ளி நிற்க வைப்பதில்லை. காலடி வைக்கப் பழக்குவார். தண்டாலும் பஸ்கியும் மூட்டை முழுதாக மடக்கி விரிப்பவை. கர்லாக்கட்டையைப் பாருங்கள். எடையைப் பிடித்தபடியே தோளை அதன் முழு வட்டத்திலும் சுழற்றும் அந்தப் பயிற்சியில் நீட்சியும் வலிமையும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. இந்தியாவில் அதைக் கண்ட ஆங்கிலேயப் படையினர் 19ஆம் நூற்றாண்டில் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். 1904ஆம் ஆண்டிலும் 1932ஆம் ஆண்டிலும் ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றல் ஒரு போட்டியாகவே இருந்தது. நாமோ, நம் பாட்டனாரின் கட்டையைக் கதவுக்கு அண்டை கொடுக்க வைத்திருக்கிறோம். முழு வீச்சில் செய்யும் வலிமைப் பயிற்சி, மூட்டின் அசைவெல்லையை நீட்சிப் பயிற்சிக்கு இணையாகவே கூட்டுகிறது என்று 2021இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்று கூறியபோது, எனக்கு அந்தக் கட்டைதான் நினைவுக்கு வந்தது.

மருத்துவர் எனக்குச் சொன்னவை எளியவை. நடைக்கு முன் சுவரருகில் நின்று முழங்காலைச் சுவர் நோக்கித் தள்ளி எடுப்பது, காலுக்குப் பத்துப் பதினைந்து முறை. குதிகால் எழும்பக் கூடாது. தரையில் அமர்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, பாதங்களை அகல வைத்து, இரு முழங்கால்களையும் சேர்த்து வலப்புறமும் இடப்புறமும் மெல்லச் சாய்ப்பது. இடுப்பு மூட்டு உருள்வதை உணரலாம். மண்டியிட்டுக் கைகளை ஊன்றி, பூனை போல முதுகைக் குவித்தும் தாழ்த்தியும் எடுப்பது. ஒரு துண்டின் இரு முனைகளையும் அகலப் பிடித்துத் தலைக்கு மேலே கொண்டு சென்று திரும்புவது. எல்லாம் சேர்ந்து எட்டு நிமிடத்தைத் தாண்டா. இழுத்து நிறுத்தும் நீட்சியை இரவுக்கு ஒத்திவைத்தேன். மூட்டு வீங்கிச் சூடாக இருப்பவர்கள், மாற்று மூட்டு பொருத்திக்கொண்டவர்கள், எழுந்தால் தலைசுற்றுபவர்கள், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொட வேண்டாம். வேலை செய்யும்போது தசையில் ஏற்படும் இழுப்பு வேறு. மூட்டுக்குள் குத்தும் வலி வேறு. பின்னது வந்தால் அன்று நிறுத்திவிடுங்கள்.

நான்கு மாதம் ஆயிற்று, கை ஊன்றாமல் எழுவதற்கு. காணொளிகள் வாக்களிக்கும் இரண்டு வாரம் எனக்குப் போதவில்லை. சுவருக்கும் விரலுக்கும் நடுவே இன்று மூன்று விரற்கிடை இருக்கிறது. நான்காவது வருமா என்பது ஐயம்தான். பழைய காயம் தன் பங்கை விட்டுக்கொடுக்காது என்கிறார் மருத்துவர்.

எனக்கு இதில் இருந்த அக்கறை வேறொரு நிகழ்ச்சியால் கூடியது. அத்தாவுக்கு வயது 73. விசைத்தறியின் முன் நின்றே முப்பதாண்டுக்கு மேல் கழித்தவர். இப்போதும் சந்தைக்கு நடந்தே போய் வருவார். ‘எனக்கென்ன, நடக்கிறேனே’ என்பது அவர் பேச்சு. ஒரு நாள் இரவு ஒளு செய்யப் போனவர் குளியலறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அல்லாஹ்வின் அருளால் எலும்பு முறியவில்லை, சிராய்ப்புக்கூட இல்லை. ஆனால் எழ முடியவில்லை. கூப்பிடவும் கூச்சப்பட்டு, நாங்கள் கண்விழித்துப் பார்க்கும்வரை ஈரத் தரையிலேயே இருந்திருக்கிறார். எவ்வளவு நேரம் என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை.

பிரேசில் நாட்டில் 51 முதல் 80 வயது வரையுள்ள 2002 பேரை, கையோ முழங்காலோ ஊன்றாமல் தரையில் அமர்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டார்கள். அமர்வதற்கு 5, எழுவதற்கு 5; எதையேனும் ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் 1 குறையும்; தள்ளாடினால் அரை குறையும். 2012இல் வெளியான முடிவின்படி, 8க்குக் குறைவாகப் பெற்றோரிடையே, அடுத்த சில ஆண்டுகளில் இறந்தோரின் விகிதம், 8க்கு மேல் பெற்றோரிடையே இருந்ததைப் போல் இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை இருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆயுள் அல்லாஹ்விடம் உள்ளது. எழ இயலாமை மரணத்துக்குக் காரணம் என்றும் அந்த ஆய்வு சொல்லவில்லை. தசை வலிமை, மூட்டின் அசைவு, உடலின் சமநிலை ஆகிய மூன்றும் கூடினால்தான் ஒருவர் தரையிலிருந்து எழ முடியும். அவற்றில் எது குறைந்தாலும் அந்த ஒரே செயலில் அது வெளிப்பட்டுவிடும். நடை அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. அத்தா நடந்துகொண்டேதான் இருந்தார்.

வயதானவரைச் சட்டெனத் தரையில் உட்கார வைப்பது அறிவுடைமை ஆகாது. மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னபடி தொடங்கினோம். சுவரோரம் கெட்டியான இலவம்பஞ்சுத் தலையணைகளை அடுக்கி, எதிரே கனமான மர நாற்காலி ஒன்றைப் பிடிமானத்துக்கு வைத்தோம். முதலில் ஆறு தலையணை உயரத்தில் அமர்ந்து எழுவார், காலையில் ஐந்து முறை, மாலையில் ஐந்து முறை. அது எளிதானபின் ஒரு தலையணையை உருவிவிடுவோம். ஆறிலிருந்து ஐந்துக்கு வர மூன்று வாரமாயிற்று. நான்கில் வந்தபோது கோபித்துக்கொண்டு இரண்டு நாள் செய்யவேயில்லை. பேரன் எதிரில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கிய பிறகு மறுபடியும் தொடங்கினார். அவன் சில வேளை ஐந்துக்குப் பதில் ஏழு எண்ணிவிடுகிறான், அவரும் கண்டுகொள்வதில்லை. இப்போது மூன்று தலையணை. குளியலறைச் சுவரில் கொத்தனாரை வைத்து ஒரு கைப்பிடியும் பதித்திருக்கிறோம். அதை எங்கே, எந்த உயரத்தில் பதிக்க வேண்டும் என்று கரிக்கட்டையால் கோடு போட்டுக் காட்டியவர் அவர்தான்.